கையைப் பின்னால் கட்டி நின்ற டீச்சர்

திங்கட்கிழமை காலை பத்து மணி ஏழு நிமிடம். இதை நான் நினைவிலிருந்து சொல்லவில்லை. எங்கள் நிட்டிங் ஷெட்டில் மூன்றாவது மிஷினுக்கு மேலே ஒரு கேமரா இருக்கிறது. அதன் படத்தின் ஓரத்தில் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் பதிவைப் பல முறை பார்த்துவிட்டேன். நாற்பத்தாறு வயது ஆள் ஒருவன் மூன்று வயதுப் பையனைத் துணி ரோல் மேல் உட்காரவைத்து, தலை வழியாக ஒரு மஞ்சள் டி-சர்ட்டை மாட்டுகிறான். பையன் கையை உள்ளே விடுகிறான். கை வெளியே வரவில்லை. வர முடியாது. அந்தச் சட்டையின் இரண்டு கைகளும் நுனியில் மூடித் தைக்கப்பட்டவை.

அந்த ஆள் நான். பையன் என் மகன்.

பிறந்த குழந்தைக்கு இப்படி நுனி மூடிய கை வைத்துத் தைக்கத் தெரியாத டெய்லர் திருப்பூரில் கிடையாது. நகம் முகத்தைக் கீறாமல் இருப்பதற்காக வைப்பது. பெட்டி பெட்டியாக வெளிநாட்டுக்குப் போகிறது. மூன்று வயது அளவில் அதை யாரும் தைப்பதில்லை. நான் ஆறு சட்டை தைக்கச் சொன்னேன். தெரிந்த கம்பெனியில் மாதிரிச் சட்டை தைக்கும் சாம்பிள் டெய்லர், "ஏனுங்க, பையனுக்குச் சொறி கிறி ஏதாச்சுங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு வாங்கிவந்தேன்.

அந்த வாரம் டீச்சர் ஊரில் இல்லை. அவர் இருந்திருந்தால் அந்தச் சட்டை எங்கள் வீட்டுப் படி ஏறியிருக்காது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் கையால் நடந்ததுதான் முதலில் வந்து நிற்கிறது.

டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூட டீச்சர் இல்லை. பேச்சு வராத, நடை தாமதமான, தொட்டாலே கத்துகிற குழந்தைகளின் வீடுகளுக்குப் போய்த் தரையில் உட்காருவது அவர் வேலை. அந்தக் குழந்தைகளின் அப்பா அம்மாவைத் தரையில் உட்காரவைப்பது அதைவிடப் பெரிய வேலை. தூத்துக்குடிப் பக்கத்தவர். கல்யாணமாகி இங்கே வந்து, பனியன் கம்பெனியில் பல வருடம் செக்கிங்கில் நின்றிருக்கிறார். பிறகு எங்கோ பயிற்சி எடுத்துக்கொண்டு இந்த வேலைக்கு வந்தார். அவிநாசிப் பக்கமிருந்து பழைய மொபெட்டில், வாரத்தில் மூன்று நாள், பதினொரு மணிக்கு வருவார். தென்பக்கத்துப் பேச்சு கடைசிவரை மாறவில்லை. எங்கள் ஊர்ப் பேச்சிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு சொல். குழந்தைகளை 'சாமி' என்று கூப்பிடுவார். பெரியவர்களிடம் அவருக்கு அவ்வளவு மரியாதை கிடையாது.

எங்களுக்கு எட்டு நிட்டிங் மிஷின். கம்பெனிகள் நூல் அனுப்பும், துணியாக ஓட்டி ரோல் சுற்றிக் கொடுப்போம். ஷெட்டுக்கு மேலேயே வீடு. எட்டும் ஓடும்போது காதுக்குள் கத்தினாலும் கேட்காது. அதனால் ஷெட்டில் எல்லோரும் கையால்தான் பேசுவோம். இரண்டு விரலைக் கத்தரிபோல ஆட்டினால் நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். முஷ்டியைத் தூக்கினால் நிறுத்து. மணிக்கட்டைத் திருப்பினால் கோனில் சுற்றிய நூல் தீர்ந்துவிட்டது. கட்டைவிரல் வாய்க்குப் போனால் தண்ணீர். ஒடிசாவிலிருந்து வருகிறவரும் மதுரையிலிருந்து வருகிறவரும் முதல் நாளே கற்றுக்கொண்டுவிடுவார்கள்.

என் மகனும் கற்றுக்கொண்டான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்துப் பிறந்தவன். மனைவி ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். பகல் முழுக்கப் பையன் என்னோடு ஷெட்டில். ஒன்றேகால் வயதில் முஷ்டியைத் தூக்கினான், ஆபரேட்டர் சிரித்துக்கொண்டே மிஷினை நிறுத்தினார். இரண்டு வயதில், அறுந்த நூலை எனக்கு முன்னால் பார்த்து விரலை ஆட்டுவான். நூல் இறக்க வருகிறவர்கள், "அப்பனாட்டவே இருக்கறானுங்க, தொழிலு ரத்தத்துலயே இருக்குது" என்பார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

இரண்டரை வயதாகியும் ஒரு சொல் வாயிலிருந்து வரவில்லை. சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு ஒரு பெரியப்பாவின் கதையை எடுத்து விட்டார்கள். அவர் ஐந்து வயதில் பேசினாராம், இவர் ஆறு வயதில் பேசினாராம். நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. மிஷினில் ஒரு ஊசி ஒடிந்தால் துணியில் விழும் கோட்டைப் பத்தடி தூரத்தில் நின்று கண்டுபிடிக்கிறவன் நான். என் பிள்ளை வாய் திறக்காததற்கு ஒரு வருடம் கதை கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் டாக்டரிடம் போனோம். காது நன்றாகக் கேட்கிறது என்று பரிசோதித்துச் சொன்னார்கள். வீட்டில் செய்ய வேண்டிய வேலைதான் அதிகம் என்று சொல்லி டீச்சரை அனுப்பியதும் அவர்கள்தான்.

முதல் நாள் வந்தவர், "மிஷின ஒரு பத்து நிமிசம் நிறுத்த முடியுமா சார்?" என்றார்.

"முடியாதுங்க. அவ்வளவு நேரம் நிறுத்துனா துணியில கோடு விழுந்துருங்க."

"சரி, ஓடட்டும்."

காலி கோன்கள் குவித்திருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்தார். அரை மணி நேரம் ஒன்றுமே செய்யவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. இதற்கா இவ்வளவு தூரம் வந்தார்? பையன் அவரைச் சுற்றிச் சுற்றி வந்து, எதிரே நின்று, காலி கோனைக் காட்டி மணிக்கட்டைத் திருப்பினான். அவரும் மணிக்கட்டைத் திருப்பினார். திருப்பிக்கொண்டே அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து, "தீந்துட்டு" என்றார். பையன் அவர் உதட்டை வெறித்துப் பார்த்தான். யாருடைய உதட்டையும் அவன் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

மாடிக்கு வந்ததும் கேட்டார். "இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?"

"நான்தானுங்க" என்றேன், பெருமையாக.

"நல்ல காரியம் செஞ்சிருக்கிய. பிள்ளைக்கு ஒரு வழி கெடச்சிருக்கு. ஆனா கையக் காட்டுதப்ப வாயையும் தொறந்தியளா, ஒரு நாளாவது?"

"ஷெட்ல கேக்காதுங்களே."

"இங்க மாடியில?"

முந்தின நாள் சாப்பிடும்போது மனைவியிடம் தண்ணீர் கேட்கக்கூட நான் கட்டைவிரலைத்தான் காட்டியிருந்தேன்.

அவர் சொன்ன முறை எளிமையானது. கையை நிறுத்தக் கூடாது. கையின் மேல் சொல்லை வைக்க வேண்டும். அவன் முஷ்டியைத் தூக்கினால் நாமும் தூக்கி, அவன் உயரத்துக்குக் குனிந்து, 'நிறுத்து' என்று ஒரே ஒரு சொல் சொல்ல வேண்டும். சொன்னதும் நிறுத்தவும் வேண்டும். அதற்குப் பிறகு காத்திருக்க வேண்டும்.

இந்தக் காத்திருப்புதான் அவர். வேறு எதைச் சொன்னாலும் அவரைச் சொன்னதாகாது. குழந்தை எதையாவது எடுக்கத் திணறும்போது, சொல்லத் திணறும்போது, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒரு கையால் மற்றக் கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "கை தானா ஓடிரும் சார், உதவுததுக்கு. புடிச்சு வச்சாத்தான் நிக்கும்" என்றார். பிடித்த இடத்தில் தோல் வெளுத்திருக்கும்.

அண்ணி ஒருநாள் வந்திருந்தார். பையனைப் பார்த்து, "கண்ணு, உம்பேரென்ன?" என்று கேட்டு, ஒரு நொடி விடாமல் பெயரையும் தானே சொன்னார். "எத்தன வயசாச்சு? மூணு. அப்பா எங்க? அதா பாரு." டீச்சர் பொறுத்துப் பார்த்துவிட்டு அண்ணியிடம் திரும்பினார்.

"அக்கா, உங்க பேரென்ன?"

அண்ணி வாயைத் திறப்பதற்குள், "முத்தம்மா" என்று அவரே சொன்னார்.

"ஐயோ, இல்லீங்க, எம்பேரு..."

"எந்த ஊரு? குண்டடம். என்ன சாப்புட்டிய? தோச."

"ஏனுங்க, என்னையப் பேசவே உட மாட்டேங்கறீங்க?"

"ஆமா, கஷ்டமாத்தான இருக்கு?" என்றார் டீச்சர். அண்ணி அன்று காபி குடிக்காமலே போய்விட்டார். அண்ணன் எனக்குப் போன் பண்ணி, "யாருடா அந்தப் பொம்பள?" என்று சத்தம் போட்டார். எனக்கும் அப்போது டீச்சர் மேல் கோபம்தான். வீட்டுக்கு வந்தவரை இப்படியா பேசுவது?

அவரால் எனக்குத் தலைகுனிவு அதோடு நிற்கவில்லை. எங்கள் வீட்டுக்கும் ஆபீஸ் அறைக்கும் ஏறுவதற்கு வெளியே ஓர் இரும்புப் படி. ஒருவர்தான் போகலாம். பையன் அதில் தானாக இறங்கியதே இல்லை, நான்தான் தூக்கி வருவேன். படியின் இடைவெளியில் தரை தெரிந்தால் அவனுக்கு உடம்பு விறைத்துவிடும். டீச்சர் அன்று அவனை மேலே நிறுத்திவிட்டு, இரண்டு படி கீழே, கையைப் பின்னால் கட்டி நின்றார். அவன் உட்கார்ந்து, ஒரு காலை நீட்டி, எடுத்து, மறுபடி நீட்டிக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து துணியின் தரம் பார்க்க ஒரு பெரிய கம்பெனியின் குவாலிட்டிக்காரர் வந்து கீழே நின்றார்.

"ஏனுங்க, பையனத் தூக்கிக்கங்க. அர்ஜென்டுங்க."

"நில்லுங்க சார்" என்றார் டீச்சர், திரும்பிப் பார்க்காமலே.

"பத்து நிமிசத்துல இன்னொரு யூனிட்டுக்குப் போகோணுங்க."

"அவனும் கீழதான் போகணும். அவன் முதல்லயே வந்துட்டான்."

நான் மேலேயிருந்து பதறிக்கொண்டு குனிந்தேன். டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் அப்படியே நின்றுவிட்டேன். பதினெட்டுப் படி. குவாலிட்டிக்காரர் மூன்று போன் பேசி முடித்தார். பையன் கடைசிப் படியில் இருந்து தரையில் காலை வைத்தபோது அவரே கைதட்டிவிட்டார். ஆனாலும் ஆபீசுக்குள் வந்ததும், "என்னங்க, ஊட்டுக்கு டிராபிக் போலீஸ் போட்டிருக்கீங்களாட்ட இருக்குது" என்றார். நான் அசடு வழிந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்று என்மேல்தான் ஆத்திரம் வருகிறது. என் பிள்ளை முதன்முதலாகப் படி இறங்கியிருக்கிறான். நான் யாரிடமோ மன்னிப்புக் கேட்பது போலச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

சட்டை விஷயத்தையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் நான் செய்தது எவ்வளவு கேடு என்பது முழுதாகத் தெரியாது.

பையனுக்குச் சட்டை மாட்டுவது தினமும் ஒரு போர். கத்துவான், கழுத்தைப் பிறாண்டுவான், கிழிப்பான். அடம் என்று நினைத்து அதட்டுவோம். டீச்சர் ஒரு சட்டையை வாங்கி உள்பக்கம் திருப்பி, தையலை விரலால் தடவினார். கழுத்து லேபிளைத் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார். "சார், பனியன் ஊர்க்காரரு நீங்க. இதத் தொட்டுப் பாத்தியளா?" என்றார். லேபிளை வெட்டி எறிந்து, தையல் வெளியே தெரியும்படி சட்டையைத் திருப்பி மாட்டினார். பையன் கத்தவில்லை. கையை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்துவிட்டு விளையாடப் போய்விட்டான். அதன் பிறகு தெருவில் யாராவது, "பையன் சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கறானுங்களே" என்று சிரித்தால், "அவன் சரியாத்தான் போட்டிருக்கான்" என்பார் டீச்சர்.

அவன் உடம்பில் படும் ஒவ்வொன்றும் அவனுக்கு நம்மைவிடப் பல மடங்கு உறைக்கிறது என்று எனக்கு விளக்கினார். வெளியே கிளம்பும் முன் பத்து நிமிடம் துணி ரோலைத் தள்ளவிடச் சொன்னார். உடம்புக்குப் பாரம் கிடைத்தால் அவன் நிதானத்துக்கு வருவான், அதை நானே பார்த்தேன். பொம்மை வாங்க விடவில்லை. கட் பீஸ்களில் முரடு, வழவழப்பு, வலை, வெல்வெட் என்று பொறுக்கி ஒரு பையில் போட்டு, கையை விட்டுத் தடவ வைத்தார். காலிக் கோனை வாயில் வைத்து ஊதினார்கள், அடுக்கினார்கள், தட்டிவிட்டார்கள். பஞ்சு உருண்டையை மேஜையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஊதினார்கள். துணி கிளிப்பை அழுத்தி அழுத்தி அவன் விரலுக்கு வலு வந்தது. நாலாவது மாதம் 'தா' வந்தது. 'தீந்து' வந்தது. தண்ணீருக்கு 'ணீ' வந்தது. முஷ்டியைத் தூக்கும்போது, கூடவே மெல்ல, 'நித்து.'

எனக்கு அது போதவில்லை. இந்த ஊரில் எதற்கும் ஒரு டெலிவரி தேதி உண்டு. "ஜூனுக்குள்ள நல்லாப் பேசிருவானுங்களா டீச்சர்?" என்று கேட்டேன்.

"ஜூன யாரு கேட்டா? அவனா?" என்றார்.

கேட்டது பள்ளிக்கூடம். எல்கேஜி சேர்க்கப் போயிருந்தோம். அங்கிருந்த அம்மா பையனைப் பார்த்துவிட்டு, "பேரு, அப்பா பேரு, ரெண்டு ரைம்ஸ். இது வந்தாப் போதுங்க" என்றார். பையன் தண்ணீர் வேண்டும் என்று கட்டைவிரலைக் காட்டினான். "இந்த மாதிரிச் சைகை காட்டற பையன வச்சுக்கறது சிரமங்க. மூணு வாரம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க, பாக்கலாம்." ஒரு குழந்தை தாகமாக இருக்கிறது என்று தெளிவாகச் சொல்கிறது. அதைக் கேட்டுத் தண்ணீர் கொடுக்கத் தெரியாத இடம், அவனுக்குப் பேசத் தெரியவில்லை என்று சொல்லி அனுப்புகிறது. இதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வாரம்தான் டீச்சரின் அம்மா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அம்மாவைப் பார்க்க ஊருக்குக் கிளம்பும்போது, "இருவது நாள் ஆகும் சார். புதுசா ஒண்ணும் பண்ணாதிய. செஞ்சிட்டு இருக்கதயே செய்ங்க. நான் போன் பண்ணுதேன்" என்றார். என் சம்மதத்துக்குக் காத்திருக்காமல் பையன் முன்னால் உட்கார்ந்து, தான் போவதையும் வருவதையும் கையாலும் வாயாலும் அவனிடம் தனியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் வந்தது மறுநாள். பையன் கையாட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, நாஞ்சொல்றதக் கேளு. கையில வேல ஆயிருதல்ல? அப்பறம் எதுக்கு அவன் வாயத் தொறக்கப் போறான்? கைய மூடு. ஒரே வாரம். வாய் தன்னால தொறக்கும்."

"டீச்சர் கைய நிறுத்தக் கூடாதுன்னு சொல்லிருக்காங்கண்ணா."

"அந்தப் பொம்பளைக்குப் பையன் பேசிட்டா அப்பறம் இங்க என்ன வேல இருக்குது? ரோசன பண்ணு."

அவரைக் குறை சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. அவர் கையை மூடு என்றுதான் சொன்னார். எப்படி மூடுவது என்று யோசித்தவன் நான். சாம்பிள் டெய்லரிடம் போனவன் நான். டீச்சர் தன் கையைக் கட்டிக்கொண்டு நின்ற வீட்டில் நான் என் பிள்ளையின் கையைக் கட்டினேன்.

திங்கட்கிழமை பத்து ஏழு முதல் ஒரு மணி வரை கேமராவில் இருக்கிறது. மஞ்சள் துணி உருண்டை ஒன்றைத் தூக்கித் தூக்கிக் காட்டுகிறான். முஷ்டிதான் அது. நிறுத்து என்கிறான். ஆபரேட்டர் என்னைப் பார்க்கிறார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறேன்.

மதியம் மாடியில் சாப்பிட உட்கார்ந்தோம். அவன் துணி மூடிய இரண்டு கையையும் தட்டில் அடித்தான். கடித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்து, கண்ணீர் வழிய, வாயால் சொன்னான். "நித்து."

கை இல்லாமல், வாயால் மட்டும். முதல் தடவை.

நான் என்ன செய்தேன்? அவனைத் தூக்கிச் சுற்றினேன். அண்ணனுக்குப் போன் பண்ணி, "பேசிட்டாண்ணா!" என்று கத்தினேன். "நாஞ்சொல்லல?" என்றார் அவர். பையனிடம், "இன்னொருக்காச் சொல்லு சாமி, இன்னொருக்கா" என்று கெஞ்சினேன். அவன் சொன்னான். மறுபடியும் சொன்னான். நிறுத்து, நிறுத்து என்று என் பிள்ளை என்னிடம் வாய்விட்டுக் கேட்டான். நான் நிறுத்தவில்லை. சட்டையைக் கழற்றவில்லை. கேட்டது கிடைத்துவிட்ட சந்தோஷத்தில், அவன் கேட்டது என் காதில் ஏறவே இல்லை.

பொழுது சாய்ந்து வந்த மனைவி சட்டையைப் பார்த்து அதிர்ந்துபோனாள். "டீச்சர்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"எல்லாத்துக்கும் கேட்டுட்டுத்தான் பண்ணோணுமா? நான் இவனுக்கு அப்பன் இல்லியா?"

மறுநாளிலிருந்து அவன் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. எந்தச் சொல்லையும் சொல்லவில்லை. அழவும் இல்லை. வெள்ளிக்கிழமை பயந்துபோய் நானே சட்டையைக் கழற்றினேன். கை வெளியே வந்தது. வந்த கையை அவன் அக்குளுக்குள் செருகிக்கொண்டான். முஷ்டி இல்லை, கட்டைவிரல் இல்லை, அறுந்த நூல் இல்லை. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். ஊட்டினால் விழுங்குவான். தூங்கும்போதுகூட அந்தக் கைகள் வெளியே வரவில்லை. விரல்களை விரித்துப் பார்க்க முயன்றபோது, மூன்று வயதுக் கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

டீச்சர் ஊரிலிருந்து கூப்பிட்டார். "பிள்ள எப்படி இருக்கு சார்?"

"நல்லா இருக்கானுங்க."

"போன அவங்கிட்டக் குடுங்க."

"தூங்கறானுங்க டீச்சர்."

அடுத்த முறையும் தூங்குகிறான் என்றேன். அதற்கடுத்த முறை அவர், "எந்நேரமும் தூங்குதானா?" என்று கேட்டார். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

பள்ளிக்கூடம் சொன்ன நாள் வந்து போனது. கூட்டிக்கொண்டு போகவில்லை. பேசுவானா என்ற கவலையே எனக்கு அப்போது இல்லை. அந்தக் கை வெளியே வருமா, என்னைத் திரும்பிப் பார்ப்பானா என்பதுதான். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்துபார்த்தேன். கோன் அடுக்கினேன், பஞ்சு ஊதினேன், தரையில் உட்கார்ந்து ஷெட்டில் உள்ள எல்லாச் சைகைகளையும் காட்டினேன். சுவரைப் பார்த்தவன் பார்த்தபடியே இருந்தான். மனைவி என்னிடம் சொல்லாமல் டீச்சருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

இருபது நாள் முடிய இன்னும் மூன்று நாள் இருந்தது. காலை ஏழு மணிக்கு இரும்புப் படியில் சத்தம் கேட்டது. டீச்சர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தார். கையில் துணிப்பை, கசங்கிய சேலை. இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்த முகம்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றுகூட நினைத்தேன். "டீச்சர், நான் வந்து..." என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். நேராக உள்ளே போய், பையனிடமிருந்து நாலடி தள்ளித் தரையில் உட்கார்ந்தார்.

"சாமி, நான் வந்துட்டேன்" என்றார். அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் கழித்து என்னிடம், "சார், வாங்க. அவன் கைக்கு எட்டுத தூரத்துல உக்காருங்க" என்றார்.

"என்ன சொல்லோணுங்க அவங்கிட்ட?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். தொடவும் வேண்டாம். எந்திரிக்காதிய."

உட்கார்ந்தேன். கீழே மிஷின்கள் ஓடும் அதிர்வு தரை வழியாகத் தொடையில் ஏறியது. ஆபரேட்டர் இரண்டு முறை படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மனைவியின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அவள் வேலைக்குப் போகவில்லை, கதவருகே நின்றாள். எனக்குக் கால் மரத்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். டீச்சரின் கைகள் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

பையன் தலையைத் திருப்பி டீச்சரைப் பார்த்தான். பிறகு, இத்தனை நாளில் முதல் தடவையாக, என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே எழுந்தான். அக்குளிலிருந்து வலது கை மெதுவாக வெளியே வந்தது. விரல்கள் விரிந்தன. அந்தக் கையால் ஓங்கி என் கன்னத்தில் அறைந்தான்.

இடது கையும் வந்தது. மூக்கில், கண்ணில், நெஞ்சில், இரண்டு கையாலும் மாறி மாறி அடித்தான். முதலில் சத்தமில்லாமல் அடித்தான். பிறகு வயிற்றின் அடியிலிருந்து ஓர் ஓலம் வந்தது. என் கண்ணாடி தெறித்து விழுந்தது. மனைவி, "ஐயோ கண்ணு, அப்பாவ அடிக்காதே!" என்று ஓடிவந்து அவன் கையைப் பிடிக்கப் போனாள். நானும் அழுதுகொண்டு, "அப்பா தப்புப் பண்ணிட்டன் சாமி, அப்பா..." என்று வாயைத் திறந்தேன்.

"அம்மா, புடிக்காதிய" என்றார் டீச்சர். பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், குறுக்க பேசாதிய. அவன் இன்னும் சொல்லி முடிக்கல."